கிழக்கு ஓரத்து ஆறடி

இந்தப் புதிரை அவிழ்க்க நினைப்பவர்கள் முதலில் ஓர் அளவை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆறடி. பனியன் கம்பெனிகள் நிறைந்த ஓர் ஊரில், ஓடைக்காட்டுத் தெருவின் கிழக்கு ஓரத்தில் கிடந்த ஆறடி அகலம். தெருவைப் புதுப்பிக்க மாநகராட்சி முன்வந்தபோது சாக்கடை, தார், விளக்கு எதிலும் யாருக்கும் மாறுபாடு இல்லை. அந்த ஆறடியில்தான் வழக்கு. வண்டி நிறுத்த இடம் வேண்டும் என்றார்கள் கடைக்காரர்கள். நடைபாதை வேண்டும் என்றார்கள் சிலர்.

வேலை இளநிலைப் பொறியாளர் பவளக்கொடியின் பொறுப்பில் வந்தது. முன்பு ஒருமுறை தெருவில் யாரையும் கேட்காமல் ரோட்டை ஒன்றரை அடி உயர்த்தியிருந்தார்கள். அன்றிலிருந்து மழை பெய்தால் தண்ணீர் வீடுகளுக்குள் போயிற்று. ஆகவே இந்த முறை மக்களைக் கேட்டே செய்வது என்று அவள் பிடிவாதமாக நின்றாள். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்குக் கல்யாண மண்டபத்தில் கூட்டம் வைத்தாள். இரும்புக் கடை சென்னியப்பன் தன் கடையைச் சாத்திவிட்டு வீடு வீடாகப் போய் ஆள் சேர்த்தார். அறுபத்து நான்கு பேர் வந்தார்கள். வண்டி நிறுத்தத்துக்கு ஐம்பத்தேழு கைகள் உயர்ந்தன.

"நீங்க முடிவு பண்ணினதுதான் வேலைங்க. இனி ஒரு கோடுகூட மாறாது" என்று பவளக்கொடி எல்லார் முன்னிலையிலும் சொன்னாள்.

மறுநாள் மாலைக்குள் வரைபடம் தலைமை அலுவலகம் போயாக வேண்டும். தவறினால் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போகும். கடைசியாக ஒருமுறை அளந்து பார்க்க அவள் வியாழன் காலை ஆறரைக்கே தெருவுக்குப் போனாள். அந்த நேரத்தில் அவள் அங்கே வந்ததே இல்லை. கம்பெனி வேன்களைப் பிடிக்க இருநூறு பெண்களாவது நடுரோட்டில் நடந்துகொண்டிருந்தார்கள். ஒரு சரக்கு ஆட்டோ உரசிப் போனதில், காலுக்கு இரும்புப் பட்டை கட்டிய ஒருத்தி அவள் எதிரிலேயே விழுந்தாள். பவளக்கொடி ஓடிப்போய்த் தூக்கினாள். விழுந்தவள் பெயர் ருக்குமணி. பின்சந்தில் வாடகைக்கு இருப்பவள். அளவு நாடாவைப் பார்த்து என்ன வேலை என்று விசாரித்தாள். பவளக்கொடி கூட்டத்தைப் பற்றிச் சொன்னாள்.

"பதினோரு மணிக்கா? அப்ப நாங்கெல்லாம் கம்பெனியிலதானுங்க இருப்போம்" என்றாள் ருக்குமணி. குறையாகச் சொல்லவில்லை. வேன் வந்தது, ஏறிப் போய்விட்டாள்.

பவளக்கொடிக்கு அதன்பின் இருப்புக் கொள்ளவில்லை. அலுவலகத்தில் மேலதிகாரி செபாஸ்டினிடம் போய்ச் சொன்னாள். அவர் மறுபேச்சில்லாமல் நடைபாதை போட்டு இன்னொரு வரைபடம் தயாரித்தார். யாரையும் கேட்க வேண்டாம், கட்டி முடித்தபின் அவர்களே வாழ்த்துவார்கள் என்றார். எந்தப் படமானாலும் அவள் கையெழுத்து வேண்டும்.

செய்தி எப்படியோ கசிந்து மதியமே சென்னியப்பன் வந்துவிட்டார். "அந்தப் புள்ளைங்க வந்து கேட்டிருந்தா நானே கை தூக்கியிருப்பேன் அம்மிணி. ஆனா சொன்ன சொல்ல மாத்தினா, அடுத்த தடவ கூப்பிட்டா எவன் வருவான்?" என்றார்.

இரண்டு படங்களும் மேசைமேல் கிடந்தன. அவள் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தாள். பேனாவைத் திறந்தாள், மூடினாள். ஐந்தரைக்குத் தலைமை அலுவலகத்துக்குத் தபால் எடுத்துப்போகும் ஆள் வந்து நின்றபோது, அனுப்ப ஒன்றும் இல்லை என்றாள்.

மறுவாரம், கொடுத்த வாக்கை மீறிவிட்டதாக அறுபத்து நான்கு பேருக்கும் நேரில் போய்ச் சொன்னாள். சிலர் கதவைச் சாத்தினார்கள். பிறகு காலை ஆறு மணிக்கு வேன் நிற்கும் இடத்திலேயே இரண்டாவது கூட்டம் வைத்தாள். கடைக்காரர்களும் வந்தார்கள். சண்டையும் சச்சரவுமாக நடந்து, கடைசியில் நடைபாதை என்று முடிவாயிற்று.

ஆனால் வேலை ஒரு வருஷம் தள்ளிப்போயிற்று. புதுச் சாக்கடை வராததால் அந்த ஐப்பசி மழையில் பதினோரு வீடுகளில் தண்ணீர் புகுந்தது. அதில் ருக்குமணியின் வீடும் ஒன்று. நடைபாதை வரும் முன்பே அவள் வேறு பக்கம் குடிபோய்விட்டாள்.

வாக்கைக் காக்கச் சொன்னார் சென்னியப்பன். கேட்காமலே நல்லது செய்யப் பார்த்தார் செபாஸ்டின். வாக்கை முறித்து, வேலையையும் தள்ளிப்போட்டு, மறுபடி கேட்டாள் பவளக்கொடி. இம்மூவரில் நியாயம் யார் பக்கம்? சொல்லுங்கள்.

விடை: செபாஸ்டினின் படம் நல்ல படம்தான். ஆனால் ரோட்டை உயர்த்தியவர்களும் நல்லது என்று நினைத்தே உயர்த்தினார்கள். சென்னியப்பன் சொன்னதும் பொய்யல்ல. ஆனாலும் நடப்பவர்களின் பாதையை நடக்காதவர்கள் கைதூக்கிக் கொடுத்துவிட முடியாது. அது பவளக்கொடி கொடுத்திருக்கவே கூடாத வாக்கு. அதை ஒளித்து மீறாமல் ஊரறிய மீறியதால் நியாயம் அவள் பக்கம். பதினோரு வீடுகளின் சேதமும் அவள் பக்கம்தான். அவளிடம் கேட்டால் இந்த விடையின் பின்பாதியை மட்டுமே ஒப்புக்கொள்வாள்.