செவலையின் காது

மரமும் மனுஷியும் ஒரே பாஷையில் சண்டை போட்டுக்கொண்ட அந்தக் காலத்தில், உடைமரக் காட்டை ஒட்டிய ஓர் ஊரில் ஒச்சாயி என்று ஒருத்தி இருந்தாள். புருஷன் விருமன் வேட்டைக்காரன். கம்பங்கொல்லைகளை நாசம் பண்ணும் காட்டுப்பன்றிகளை விரட்டுவது அவன் வேலை. அவனைவிடக் கெட்டிக்காரி அவர்களுடைய நாய் செவலை. ஊரே இதைச் சொல்லும், விருமன் மட்டும் சொல்ல மாட்டான்.

செவலை குட்டியாக வந்தபோது இலவம்பஞ்சு மாதிரி இருந்தாள். ஒச்சாயி அவளை மடியில் போட்டுக்கொண்டுதான் கம்பு புடைப்பாள். உமி பறந்து மூக்கில் ஏறும். இரண்டு பேரும் மாறி மாறித் தும்முவார்கள்.

வேட்டைக்குப் போகிற வயசு வந்தது. காட்டோரம் நின்ற கிழட்டு உடைமரம் அவளை ஏற இறங்கப் பார்த்தது. "இந்தத் தோலை வைத்துக்கொண்டா என் புதருக்குள் வரப்போகிறாய்? நார் நாராய்க் கிழிந்துபோவாய், பெண்ணே" என்று, தன் முள்ளின் முரட்டுத்தனத்தில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தது. செவலையின் உடம்பெல்லாம் கம்பி கம்பியாய்ச் சிவப்பு முடி முளைத்தது. மோவாயில் தாடி வேறு. அதற்குப் பிறகு எந்த முள்ளும் அவளைத் தொடவில்லை.

எல்லாருக்கும் சந்தோஷம், ஒச்சாயியைத் தவிர.

"மடியில் படுக்காதேடி, குத்துது" என்பாள்.

"நான் வளர்ந்துட்டேன் ஆத்தா."

"யார் உன்னை வளரச் சொன்னது?"

ஒருநாள் ஆட்டுக்கிடை போட்டிருந்த பக்கத்து வீட்டில் செம்மறிகளுக்கு ரோமம் கத்தரித்துக்கொண்டிருந்தார்கள். ஒச்சாயி பார்த்துக்கொண்டே நின்றாள். கத்தரிப்பு முடிந்ததும் கத்தரியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள். யாரிடமும் யோசனை கேட்கவில்லை. அந்தப் பழக்கமே அவளுக்குக் கிடையாது.

சிவப்பு முடி தரையில் கொட்டியது. அடியில் இருந்த வெளிறிய மென்முடி வெளியே வந்தது. அதே பழைய பஞ்சு! ஒச்சாயி அதில் முகத்தை வைத்துக்கொண்டாள்.

"ஆத்தா, உடம்பு கூசுது."

"கொஞ்ச நேரம் பேசாமல் கிட."

மறுநாள் விடியலில் கொல்லைக்குள் பன்றி புகுந்துவிட்டதாகச் சத்தம் கேட்டது. விருமன் சீழ்க்கை அடித்தான். ஓடிவந்த செவலையைப் பார்த்துத் திகைத்தான். "என்னடி இது? நாயா, நனைஞ்ச முயலா?"

"அழகாத்தானே இருக்கு!" என்றாள் ஒச்சாயி.

மேலே பேச நேரமில்லை. பன்றி உடைமரப் புதருக்குள் பாய்ந்தது. செவலையும் எப்போதும்போல் பின்னாலேயே பாய்ந்தாள். எப்போதும்போல் இல்லாதது அவள் உடம்புதான்.

உச்சிவெயிலில் விருமன் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தான். தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் கிழிசல். அவன் திட்டியிருந்தால் ஒச்சாயியும் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டி ஆறியிருப்பாள். அவன் செவலையை அவள் மடியில் கிடத்திவிட்டுப் போனான்.

மஞ்சளைக் குழைத்துக் காயத்தில் அப்பிவிட்டு, ஒச்சாயி நேரே உடைமரத்திடம் போனாள்.

"நீ கொடுத்ததைத் திரும்பக் கொடு."

"நானா எடுத்தேன்? நீயல்லவா வெட்டினாய்" என்றது மரம். "வெட்டின முடியில் வலு வராது. காயம் ஆறட்டும். அப்புறம் வெட்டுப்பட்ட முடி ஒவ்வொன்றையும் விரலால் எடு. வேரோடு வரவேண்டும். பழசு போனால்தான் புதுசு முள்ளாய் முளைக்கும்."

"அத்தனையுமா? அவளுக்கு வலிக்காதா?"

"முதிர்ந்த முடி வலிக்காது. நீ அவசரப்பட்டால் வலிக்கும்."

ஒச்சாயி நாலடி நடந்தாள். நின்றாள். "எல்லாம் அவளுக்குச் சரி. எனக்கு?"

"உனக்கென்ன?"

"குட்டியில் அவள்…" என்று தொடங்கினாள். கை வெறும் மடியைத் தடவியது. ஊரையே வாயால் அடக்குகிறவளுக்கு வார்த்தை வராததை மரம் அன்றுதான் பார்த்தது.

"சரி, காது இரண்டிலும் முள் வைக்கமாட்டேன். போ."

காயம் ஆறியது. ஒச்சாயி, முடி வழுக்காமலிருக்க விரலில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் நாள் அவசரத்தில் கொத்தாய் இழுத்தாள். செவலை வீலென்று கத்தி எழுந்து ஓடினாள். மறுநாள் இழுத்தது பாதிக்கொத்து. பத்தாம் நாள்தான் புத்தி வந்தது. ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மறுகையால் முடி சாய்ந்த பக்கமாகவே, இரண்டு மூன்று முடியாக எடுத்தாள். விரல் கொப்பளித்தது. அடுப்பில் கஞ்சி தீய்ந்தது. தீய்ந்த கஞ்சியை விருமன் வழித்துக் குடித்தான். கார்மழை தொடங்கியபோது கம்பி முடி சிவப்பாய் முளைத்திருந்தது. செவலை புதருக்குள் பாய்ந்து, மேலே ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தாள்.

அன்று முதல்தான் கம்பிமுடி வேட்டை நாயிடம் யாரும் கத்தரியைக் கொண்டுபோவதில்லை, முதிர்ந்த முடியை விரலால்தான் எடுக்கிறார்கள். உடம்பு எவ்வளவு முரடானாலும் அதன் காது இரண்டும் மெத்தென்றே இருக்கின்றன. எடுத்து எடுத்துக் கை ஓய்ந்தவர்கள் அந்தக் காதைச் சற்று நேரம் பிடித்துக்கொண்டால் போதும், எவ்வளவு கிழட்டு நாயும் கண்ணை மூடிக் குட்டியாகிவிடும்.