தன் கன்றை அறியாத பசு

காவிரியின் தென்கரையில் ஒரு சைவ மடம். அதன் தலைவரைச் சந்நிதானம் என்றே யாவரும் அழைப்பர். அவரிடம் தீட்சை பெற்றவர் டாக்டர் மருதவாணன். குழந்தைகளுக்கு வரும் நீரிழிவுக்கு வைத்தியம் பார்ப்பவர். குருவைவிட வயதில் மூத்தவர்.

ஒரு நாள் காலைப் பூசை முடிந்ததும் டாக்டர் வந்து வணங்கினார். திருநீறு பெற்ற பின்னும் எழுந்து போகவில்லை.

"குழந்தையைப் பற்றியா?" என்று சந்நிதானம் கேட்டார்.

ஆம் என்றார் டாக்டர். மகள் வடிவுக்கு ஏழு வயது. அவளுக்கு நோய் இன்னும் வரவில்லை. ஆனால், உடலைக் காக்க வேண்டிய அணுக்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் அணுக்களைப் பகையென்று எண்ணித் தாக்கத் தொடங்கிவிட்டன; இரத்தப் பரிசோதனை அதைக் காட்டிவிட்டது. சுரக்கும் அணுக்கள் பெரும்பாலும் அழிந்தபின் சர்க்கரை ஏறும். அன்று முதல் ஆயுள் முழுவதும் இன்சுலின் ஊசி. சென்னையில் ஒரு புது மருந்தை ஆய்ந்து பார்க்கிறார்கள். வடிவைச் சேர்த்துக்கொள்ள இசைந்திருக்கிறார்கள். இந்த வாரத்துக்குள் பெற்றோர் சம்மதம் சொல்ல வேண்டும்.

"என்ன மருந்து?"

"பெப்டைடு என்பார்கள். புரதத்தின் சிறு துண்டு. எதைக் கண்டு காவல் அணுக்கள் சீறுகின்றனவோ, அதிலிருந்தே ஒரு துண்டை எடுத்துச் சிறிது சிறிதாகத் தோலுக்கடியில் செலுத்துவது. பழகப் பழக, இதுவும் நம்முடையதுதான் என்று அவை அடங்கக்கூடும்."

"அடங்குமா?"

"சிலருக்கு அடங்கலாம். இன்னும் உறுதியாகவில்லை. பலித்தாலும் நோய் ஓரிரண்டு ஆண்டு தள்ளிப்போகும், அவ்வளவுதான்."

மனைவி சேர்த்துவிடலாம் என்கிறாள். அவருக்கோ மனம் ஒப்பவில்லை. வரப்போவது எப்படியும் வரும் என்றால், ஓடியாடித் திரியும் பிள்ளையை இன்றே ஏன் நோயாளியாக்க வேண்டும்? "ஊரார் பிள்ளைகளுக்கென்றால் யோசிக்காமல் எழுதிக் கொடுப்பீர்கள்" என்று மனைவி சொன்னாளாம். அதையும் மறைக்காமல் சொன்னார்.

"தள்ளிப்போடுவது ஒரு வைத்தியமா? சந்நிதானம் உத்தரவிட்டால் அப்படியே செய்கிறேன்."

சந்நிதானம் எழுந்து பசுமடத்துக்கு நடந்தார். டாக்டர் பின்தொடர்ந்தார்.

பெரியநாயகி என்னும் பசு முந்தின நாள் விடியலில் தலையீற்றாகக் கன்று ஈன்றிருந்தது. பசுமடத்தைப் பார்த்துக்கொள்ளும் தம்பிரான் பக்திமான். அன்று பிரதோஷம். தாய் நக்கித் துடைக்கும் முன்பே கன்றை எடுத்து, மஞ்சள் நீராட்டி, சந்தனமும் திருநீறும் பூசி, சுவாமி சந்நிதிக்குக் கொண்டுபோய்த் தீபம் காட்டிவிட்டார். திரும்பி வந்த கன்றில் தாய் அறிந்த மணம் இல்லை. அருகே விட்டபோதெல்லாம் முட்டித் தள்ளியது. வேறொரு பசுவின் பாலைப் புட்டியில் ஊட்டியும் கன்று சரியாகக் குடிக்கவில்லை. இப்போது சுவரோரம் சுருண்டு கிடந்தது.

"பெற்ற பிள்ளையை முட்டுகிறாள், பெயர் மட்டும் பெரியநாயகி" என்றார் தம்பிரான்.

"அவளைக் குறை சொல்லாதீர். சந்தனம் பூசியது அவளா?" என்றார் சந்நிதானம்.

தம்பிரான் தலை கவிழ்ந்தார். பசுவின் பின்கால்களைக் கட்டிவிட்டுக் கன்றை ஊட்ட விட்டதாகவும், அவிழ்த்ததும் முன்னிலும் மூர்க்கமாக முட்டியதாகவும் சொன்னார். கன்று பிறந்து விழுந்த, ஈன்ற மணம் ஊறிய சாக்கைத் தேடியெடுத்து, காலையில் அதைக் கன்றின்மேல் முழுவதும் போர்த்திப் பார்த்தாராம். பசு மிரண்டுபோய், கட்டியிருந்த முளையையே பிடுங்கிக்கொண்டதாம்.

சந்நிதானம் அந்தச் சாக்கிலிருந்து உள்ளங்கை அளவு ஒரு துண்டைக் கிழித்தார். அதைத் தவிட்டுத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். பசு சீறிப் பின்வாங்கியது. துண்டை எடுத்துவிட்டார். சற்றுப் பொறுத்து மீண்டும் வைத்தார். பசு கழுத்தை நீட்டி முகர்ந்தது, தலையை உதறியது. மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். வெயில் கொட்டகைக்குள் இறங்கிவிட்டது. டாக்டர் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, வரத் தாமதமாகும் என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஒரு கட்டத்தில் பசு அந்தத் துண்டை ஒதுக்காமல் அதன் பக்கத்திலேயே தவிட்டைத் தின்றது.

சந்நிதானம் கன்றின் மேலிருந்த சந்தனத்தை வெந்நீரால் துடைத்தார். சாக்குத் துண்டை ஈரமாக்கிக் கன்றின் முதுகில் தேய்த்தார். அதைத் தாயருகே மெல்ல நகர்த்திக்கொண்டு போனார். பசு கொம்பைத் தாழ்த்தியது. தம்பிரான் கயிற்றைப் பற்றினார். முட்டவில்லை, முகர்ந்தது. பிறகு ஒரே ஒரு முறை நக்கியது.

கன்று தடுமாறி எழுந்து மடியைப் பற்றியது. வால் ஆடியது. சிறிது நேரம் குடித்தது. பசு மெல்ல உதைத்து விலக்கிற்று. கன்று மறுபடி முட்டிப் பார்த்தது. மறுபடியும் சிறிது கிடைத்தது.

டாக்டர் வாய் திறந்தார்.

"இனி ஏற்றுக்கொள்வாளா?"

"தெரியாது."

"நாளை மீண்டும் முட்டினால்?"

"சாக்கு இன்னும் இருக்கிறது. இன்னொரு துண்டு கிழிக்கலாம்."

"அதற்கும் அடங்காவிட்டால்?"

"புட்டிதான். வாழ்நாள் முழுவதும் அல்ல, புல் தின்னும் வரை. உங்கள் குழந்தைக்கு அந்த ஆறுதலும் இல்லை என்று தெரியும்."

டாக்டர் கன்றைப் பார்த்தபடியே கேட்டார்.

"அப்படியானால், இத்தனை பாடும் ஒரு நாள் பாலுக்குத்தானே?"

சந்நிதானம் கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

"கன்றின் வயதும் ஒரு நாள்தான், டாக்டர்."