இருபதாவது டுக்

ஆற்றங்கரைக் காட்டில் கட்டையன் என்று ஒரு காட்டுப்பன்றி இருந்தது. அதற்கு ஆசை என்றால் கிழங்கு. பயம் என்றால் செந்நாய். இரண்டும் ஒரே காட்டில் இருந்ததுதான் அதன் தலைவலி.

கோடை வந்தால் ஆறு வற்றும். அக்கரைச் செந்நாய்கள் கல்லுக்குக் கல் தாவி இக்கரைக்கு வந்துவிடும். மான்கள் எல்லாம் முன்கூட்டியே மலை தாண்டிப் போய்விடும். கட்டையனுக்கு அவ்வளவு தூரம் ஓட உடம்பு இடம் கொடுக்காது. கிழங்கை விட்டுப் போக மனசும் இடம் கொடுக்காது. போன கோடையில் பக்கத்துப் புதரில் இருந்த பன்றியைச் செந்நாய்கள் இழுத்துக்கொண்டு போயின. அந்த அலறல் கட்டையன் காதை விட்டு இன்னும் போகவில்லை.

தப்பிக்க ஒரே வழி மொட்டைப் பாறை. அதன் உச்சியில் ஒரு பிளவு உண்டு. பின்பக்கமாக அதற்குள் நுழைந்து, கோரைப்பல்லை வெளியே நீட்டிக்கொண்டு உட்கார்ந்தால் போதும். எந்த நாயும் கிட்டே வராது. ஆனால் அந்தச் சரிவில் ஏற வேண்டுமே!

கட்டையன் ஏறிப் பார்த்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. பாதிப் பாறையில் கால் நான்கும் வெலவெலத்தன. பூசணிக்காய் மாதிரி உருண்டு கீழே வந்தது. மறுபடி ஏறியது. மறுபடி உருண்டது. ஐந்தாவது தடவை உருண்டபோது பாறையடி எறும்புப் புற்றே தரைமட்டம் ஆகிவிட்டது.

இதையெல்லாம் பக்கத்து இலவ மரத்தின் உச்சியிலிருந்து டுக்கி பார்த்துக்கொண்டிருந்தது. டுக்கி ஒரு குக்குறுவான். கைப்பிடிக்குள் அடங்கும் பச்சைப் பறவை. நெஞ்சில் சிவப்புத் திட்டு. வெயில் ஏறினால் போதும், 'டுக், டுக், டுக்' என்று ஒரே சீராகக் கூவ ஆரம்பித்துவிடும். வேகமும் கூடாது, குறையவும் குறையாது. தலையை ஆட்டி ஆட்டி நாள் முழுக்கக் கூவும்.

காட்டில் யாருக்கும் அது பிடிக்காது. "பகல்ல மனுஷன் தூங்க வேண்டாமா?" என்று ஆந்தை திட்டும். தான் மனுஷன் இல்லை என்பதே கோபத்தில் அதற்கு மறந்துபோகும். டுக்கிக்கு உள்ளுக்குள் வருத்தம்தான். இவ்வளவு சுத்தமாகக் கூவியும் ஒருத்தராவது 'சபாஷ்' என்று சொன்னதில்லையே!

பாறையில் வெயில் காய்ந்துகொண்டிருந்த செதிலி என்ற உடும்பு வாயைத் திறந்தது.

"ஏ கட்டையா! பேய் துரத்தின மாதிரி ஓடினா பாதியில கால் செத்துத்தான் போகும். கொஞ்சம் ஏறு. கொஞ்சம் நில்லு. அப்புறம் ஏறு!"

"எவ்வளவு ஏறணும் அக்கா? எவ்வளவு நிக்கணும்?"

"அதுக்கு ஒரு அளவு வேணும். ரொம்ப ஏறினா உருளுவே. ரொம்ப நின்னா கால் விறைச்சு அங்கேயே தூங்கிடுவே. இதோ, மரத்து மேல ஒருத்தி சும்மா கத்திக்கிட்டிருக்காளே! அவ இருபது டுக் சொல்ற வரைக்கும் ஏறு. பத்து டுக் சொல்ற வரைக்கும் நில்லு."

டுக்கிக்கு இறக்கை சிலிர்த்தது. தன் சத்தத்துக்கும் ஒரு வேலையா!

"நான் சொல்றேன்! ஒரு டுக் கூடத் தப்பாது! என் ஆயுசுல தப்பினதே இல்லை!" என்று கத்தியது.

அன்றைக்கே பயிற்சி தொடங்கியது. டுக்கி இருபது கூவியது, கட்டையன் ஏறியது. இருபதாவது டுக் கேட்டதும் தொப்பென்று உட்கார்ந்தது. டுக்கி பத்து கூவியது; கட்டையன் எழுந்தது. முதல் நாள் முக்கால் பாறை. மூன்றாம் நாள் உச்சி! நடுவில் மூன்று தடவை உட்கார்ந்தாலும், ஒரு தடவை கூட உருளவில்லை. பிளவுக்குள் நின்று கட்டையன் போட்ட உறுமலில் ஆந்தை மரத்திலிருந்து விழுந்தது.

"சபாஷ் டுக்கி!" என்றது கட்டையன். டுக்கி அன்றைக்கு அத்திப்பழம் தின்னக்கூட மறந்துபோனது. அவ்வளவு சந்தோஷம்.

ஏழு நாள் கழித்துச் செதிலி சொன்னது: "கட்டையா, இப்ப உனக்கு இரைக்கவே இல்லை. கால் கெட்டியாயிடுச்சு. இருபதை இருபத்தஞ்சாக்கு. அடுத்த வாரம் முப்பது."

கட்டையன் முகம் சுருங்கியது. "என்னக்கா இப்படிச் சொல்லிட்டே? என்னைக் காப்பாத்தினதே இருபதுதான்! அதுல கை வைக்கலாமா?"

"இருபது உன்னைக் காப்பாத்தலைடா. நீ ஏறினே, கால் வளர்ந்துச்சு!"

"டுக்கி, நீயே சொல்லு!"

டுக்கி நியாயமாகப் பேசியிருக்கலாம். மேலிருந்து பார்க்கும் அதற்குத்தான் எல்லாம் தெரியுமே! கட்டையன் இப்போதெல்லாம் உட்காரும் நேரத்தில் மூச்சு வாங்குவதில்லை. மேகத்தை வேடிக்கை பார்க்கிறது. ஆனால் இருபது என்பது டுக்கியின் தொண்டைக்குப் பழகிவிட்டது. கிடைத்த பெயரையும் கெடுத்துக்கொள்ள மனசில்லை.

"இருபதுதான் அழகு! இருபத்தஞ்சு தொண்டையில உக்காராது" என்றது.

"ரெண்டும் ஒரே ரகம்!" என்று சொல்லிவிட்டுச் செதிலி பொந்துக்குள் போய்விட்டது.

அதற்கப்புறம் கட்டையனுக்குக் கணக்குப் பைத்தியம் முற்றிப்போனது. பாறையோடு நிற்கவில்லை. இருபது டுக் வரை தண்ணீர் குடிக்கும். பத்து டுக் வரை வாயில் தண்ணீர் ஒழுக ஓய்வெடுக்கும். இருபது டுக் முதுகு சொறியும்; அரிப்பு அடங்காவிட்டாலும் பத்து டுக் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கும். ஒருநாள் இருபது டுக் மண்ணைக் கிளறி, தொடை அளவு கிழங்கு ஒன்றை வெளியே எடுத்தது. அதற்குள் இருபதாவது டுக். உட்கார்ந்துவிட்டது. அந்த வழியாக வந்த முள்ளம்பன்றி கிழங்கை மொறுமொறுவென்று தின்றது.

"அண்ணே, இது உங்களுதா?" என்று வாய் நிறையக் கேட்டது.

"ஆமாம்! ஆனா எனக்கு இன்னும் நாலு டுக் ஓய்வு இருக்கு!" என்றது கட்டையன்.

"நல்லா ஓய்வெடுங்க அண்ணே!" முள்ளம்பன்றி மிச்சத்தையும் தின்றுவிட்டுப் போனது. டுக்கிக்கு லேசாக உறுத்தியது. ஆனாலும் நாலு டுக்கையும் ஒழுங்காகக் கூவி முடித்தது.

இந்தக் கூத்தையெல்லாம் அக்கரையில் படுத்து ஒரு செந்நாய் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் செம்பட்டை. கூட்டத்துக்குத் தலைவன். ஆறு வற்றும்வரை அதற்கும் வேறு வேலை இல்லை. முதல் நாள் சிரித்தது. இரண்டாம் நாளும் சிரித்தது. மூன்றாம் நாள் எண்ண ஆரம்பித்தது.

ஒரு உச்சி வேளையில் ஆற்றின் கடைசி ஓட்டமும் நின்றது. ஆறு செந்நாய்கள் கல் மேல் தாவி இக்கரையில் குதித்தன.

டுக்கிதான் முதலில் பார்த்தது. "கட்டையா! வந்துட்டாங்க! பாறைக்கு ஓடு!"

கட்டையன் விழுந்தடித்துக்கொண்டு பாறையடிக்கு ஓடி வந்தது. வந்த வேகத்தில் ஏறாமல் சட்டென்று நின்றுவிட்டது.

"ஏன் நிக்கறே? ஏறு!"

"நீ ஆரம்பிக்கவே இல்லையே! கணக்கு இல்லாம எப்படி ஏறுறது? உருண்டுடுவேன்! ஆரம்பி டுக்கி, ஆரம்பி!"

பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. டுக்கி ஆரம்பித்தது. டுக்! டுக்! டுக்! கட்டையன் ஏறியது.

செந்நாய்களோ ஓடவே இல்லை. மூங்கில் புதருக்கு அந்தப் பக்கம், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி ஆடி அசைந்து வந்துகொண்டிருந்தன.

"தலைவரே, ஓடிப் பிடிக்கலாமே?" என்றது ஒரு நாய்.

"இந்த வெயில்ல எதுக்குடா ஓட்டம்?" என்றது செம்பட்டை. "இருபதாவது டுக் கேட்டதும் அவனே உக்காந்துடுவான். பத்து டுக் வரைக்கும் இடியே விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான். எட்டு டுக்ல நாம அங்க இருப்போம். புதருக்குள்ள நின்னு எண்ணுங்க. பாறை தெரியாட்டி என்ன? காது கேக்குதில்லே?"

மரத்து உச்சியில் டுக்கிக்கு எல்லாம் கேட்டது. அது அப்போது பதினாலாவது டுக்கில் இருந்தது.

"கட்டையா! இருபதுல உக்காராதே!" என்று கத்தலாம்தான். ஆனால் நாய்களுக்கும் அது கேட்குமே! கேட்டால் உடனே ஓட ஆரம்பித்துவிடுமே! பாதியில் நிறுத்திவிடலாமா? அதற்குள் பதினைந்து வந்துவிட்டது. பதினாறு. பழகிய தொண்டை, கேட்டால்தானே! பதினேழு. பதினெட்டு.

பக்கத்துப் புதர்ப் பன்றியின் அலறல் டுக்கிக்கும் நினைவுக்கு வந்தது. எனக்குச் 'சபாஷ்' சொன்ன ஒரே ஆள். இவனையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்களே!

பத்தொன்பது!

டுக்கி அலகை இறுக மூடிக்கொண்டது. ஆயுசில் முதல் தடவையாக ஒரு டுக்கைத் தொண்டையிலேயே நிறுத்தியது. சும்மா நின்றுவிடுமா அது? கழுத்து பலாப்பிஞ்சு மாதிரி வீங்கியது. தலை தானாக ஆடியது. வால் தூக்கிப் போட்டது. கண் பிதுங்கியது. டுக்கி கிளையைக் கவ்விக்கொண்டு தொங்கியது.

பாறையில் கட்டையன் பின்னங்காலை மடக்கத் தயாராக இருந்தது. இருபது வரவில்லை. இருபது வராமல் உட்காரக் கூடாதே! இன்னும் ஓரடி வைத்தது. வரவில்லை. இன்னும் ஓரடி.

"டுக்கி! செத்துட்டியா? இருபது எங்கே?" என்று கத்திக்கொண்டே ஏறியது.

புதருக்குள் செந்நாய்கள் முன்னங்காலைத் தூக்கியபடி நின்றன.

"தலைவரே, பத்தொன்பதோட நின்னுடுச்சே. போகலாமா?"

"பொறுடா! இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு. கணக்குன்னா கணக்கு!"

"கால் வலிக்குது தலைவரே!"

"தூக்கின காலைக் கீழ வைக்காதே!"

"சோம்பேறிக் குருவி! நம்பிக் கெட்டேனே!" கட்டையன் வாய் ஓயாமல் திட்டியது. கோபத்தில் கால் தானாகப் போனது. முக்கால் பாறை தாண்டியது. கடைசியில் பிளவு! பின்பக்கமாக உள்ளே நுழைந்து முகத்தை வெளியே நீட்டியது.

இதற்கு மேல் டுக்கியால் முடியவில்லை.

"டுக்!"

காடே அதிர்ந்தது. அடக்கி வைத்த டுக் அல்லவா! கட்டையன் பிளவுக்குள் தொப்பென்று உட்கார்ந்தது.

"இருபது! உக்காந்துட்டான்! பாய்ங்கடா!" என்றது செம்பட்டை. ஆறு நாய்களும் புதரைக் கிழித்துக்கொண்டு பாறையில் பாய்ந்தன. பாதிப் பாறையில் பன்றி இல்லை. வந்த வேகத்தில் நிற்கவும் முடியவில்லை. முன்னால் போன செம்பட்டையின் மூக்கு நேராகக் கோரைப்பல்லில் போய்க் குத்தியது. அது அலறிக்கொண்டு பின்னால் சாய்ந்தது. பின்னால் வந்த ஐந்தின் மேல் விழுந்தது. ஆறும் ஒரே உருண்டையாகப் பாறையடி வரை உருண்டன. எழுந்தபோது எந்த வால் யாருடையது என்று பார்க்கக்கூட நிற்காமல் அக்கரைக்கே ஓடின.

கட்டையன் ஆத்திரத்தோடு மரத்தைப் பார்த்துக் கத்தியது. "ஏன் நிறுத்தினே? ஓய்வே இல்லாம ஏற வெச்சுட்டியே! நான் உருண்டிருந்தா?"

"உருண்டியா?" என்று டுக்கி கரகரத்த குரலில் கேட்டது.

"இல்லை."

"இரைச்சுதா?"

கட்டையன் மூச்சை இழுத்து விட்டுப் பார்த்தது. பெரிதாக இரைக்கவில்லை. "எத்தனை ஏறினேன்?" என்று மெதுவாகக் கேட்டது.

"வாயை மூடிக்கிட்டு மனசுக்குள்ள எண்ணினேன். முப்பத்தெட்டு. ஒரே மூச்சுல. உன் கால் என்னிக்கோ வளர்ந்துடுச்சு கட்டையா. எனக்கு அது தெரியும். என் பவுசுக்காகச் சொல்லாம இருந்துட்டேன். தப்பு என் மேலதான்."

கட்டையன் தன் கால்களைக் குனிந்து பார்த்தது. யாரோ புதுக்கால் மாட்டிவிட்டது போல நான்கையும் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தது. பிறகு பாறையிலிருந்து இறங்கி நேராகக் கிழங்குக் காட்டுக்குப் போனது. அன்றைக்குப் பசி தீரும் வரை நடுவில் ஒரு தடவை கூட உட்காராமல் தின்றது.

ஓய்வு என்பது களைத்த உடம்புக்குக் கொடுக்க வேண்டியது. உடம்பு வளர்ந்த பிறகும் பழைய கணக்குக்காக உட்கார்ந்துகொண்டிருப்பவன், பகைவனுக்குத் தன்னைப் பிடிக்கும் நேரத்தைத் தானே சொல்லிக் கொடுக்கிறான்.