நாற்பத்தோராவது தவளை

நாவல்குட்டையில் ஐம்பது தவளைகள் இருந்தன. அதில் ஒன்பது பெருசுகள், நாற்பத்தொன்று சிறுசுகள். வாலோடு நீந்தும் தலைப்பிரட்டைகள் வேறு, எண்ணி மாளாது. இப்படி இருந்தால் குட்டையில் யார் பேச்சு செல்லுபடியாகும்? சிறுசுகள் பேச்சு என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! ஒன்பது பெருசுகள் வைத்ததுதான் அங்கே சட்டம்.

ஏன் தெரியுமா? அந்தக் குட்டையில் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அப்படி. வருஷத்துக்கு ஒரு நாள், மழைக்காலம் முடிந்ததும், நடுக்குட்டையில் இரண்டு பெரிய தாமரை இலைகளைப் பார்த்து வைப்பார்கள். போட்டி போடுகிறவர்கள் ஆளுக்கொரு இலையில் உட்கார வேண்டும். யாரைப் பிடிக்கிறதோ அவர் இலையில் மற்றவர்கள் ஏற வேண்டும். எந்த இலை முதலில் மூழ்குகிறதோ, அந்த இலைக்காரர்தான் தலைவர்!

பெருசுகள் ஒவ்வொன்றும் நல்ல கனம். சிறுசுகளோ நாவல் பழம் அளவுதான். அதனால் சிறுசுகள் அந்தப் பக்கமே எட்டிப் பார்ப்பதில்லை. போன வருஷம் எதிர் இலையில் ஒரு நத்தை மட்டும் தன் பாட்டுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. மத்தளத்தார் மறுபடியும் தலைவர் ஆனார்.

மத்தளத்தாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குட்டையிலேயே பெரிய தொண்டை அவருக்குத்தான். அவர் ஒரு தடவை கத்தினால் கரையில் மேய்கிற ஆடு திரும்பிப் பார்க்கும். ஆள் கெட்டவர் இல்லை. ஆனால் சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கண்ணும் தெரியாது, காதும் கேட்காது.

சிறுசுகளில் சுள்ளி என்று ஒருத்தி. மெலிந்த உடம்பு, நீளக் கால். வால் விழுந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. தன் தம்பி தங்கைகள் நீந்துகிற கரையோரப் பள்ளத்துக்கு அவள் தினமும் போவாள். அன்று போனவள் அப்படியே நின்றுவிட்டாள். நேற்று அவள் கழுத்து வரை இருந்த தண்ணீர் இன்று முட்டி வரைதான் இருந்தது!

"அக்கா, முதுகு காயுது!" என்றது ஒரு தலைப்பிரட்டை.

சுள்ளி கரையை ஒட்டியே தேடிக்கொண்டு போனாள். மதகுக் கல்லுக்கு அடியில் ஒரு ஓட்டை. அதன் வழியாகத் தண்ணீர் சளசளவென்று வெளியே ஓடிக்கொண்டிருந்தது. மதகுக்கு அந்தப் பக்கம் ஒரே சேறு. சேற்றின் மேல் கொசுக்கூட்டம். நடுவில் மத்தளத்தாரும் மற்ற பெருசுகளும் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார்கள். கொசுக்கள் தானாக வந்து உள்ளே விழுந்தன!

"மாமா! குட்டைத் தண்ணி எல்லாம் இந்த ஓட்டையில போகுது! அடைக்கணும் மாமா!" என்றாள் சுள்ளி.

மத்தளத்தார் ஒரு கொசுவை விழுங்கிவிட்டுத்தான் வாயைத் திறந்தார்.

"அடைக்கிறதா? அடைச்சா இந்தச் சேறு காஞ்சிடும். சேறு காஞ்சா கொசு ஏது? நல்லா இருக்கே உன் யோசனை!"

"தண்ணி வத்திட்டா?"

"வத்தினா என்ன? ரெண்டு வயல் தாண்டினா பெரிய ஏரி. நாலு தாவுல போயிடலாம்!"

"நீங்க தாவிடுவீங்க மாமா. வாலோட இருக்கிறதுங்க எப்படித் தாவும்? அதுங்களுக்குக் கால் முளைக்க இன்னும் ஒரு மாசம் ஆகும்!"

பெருசுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. குட்டையிலேயே கனமான அம்மி அத்தை மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள். ஆனால் வாயைத் திறக்கவில்லை.

"எங்க காலத்துல இது மாதிரி எத்தனை ஓட்டை பார்த்திருக்கோம்! எல்லாம் மழை வந்தா சரியாயிடும்," என்றார் மத்தளத்தார். "வால் விழுந்த தழும்பே இன்னும் ஆறலை, அதுக்குள்ள எனக்குப் புத்தி சொல்ல வந்துட்டா! போ, போய் விளையாடு!"

சுள்ளிக்குக் கோபம் தலைக்கு ஏறியது. "நாளன்னிக்குத் தேர்தல்தானே? எதிர் இலையில நான் உட்கார்றேன்!"

பெருசுகள் சிரித்த சிரிப்பில் கொசுக்கூட்டமே கலைந்து போயிற்று. "இந்தச் சுள்ளிக் குச்சியா? இலைக்கே தெரியாதே, மேல ஆள் இருக்குன்னு!"

சுள்ளி நேராகச் சிறுசுகளிடம் போனாள். ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னாள். கேட்டவர்கள் எல்லோருமே வருத்தப்பட்டார்கள். எல்லோருக்கும் அந்தப் பள்ளத்தில் தம்பியோ தங்கையோ இருந்தது. ஆனால் வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

"நான் ஏறினா இலை அசையக்கூட அசையாது சுள்ளி!" என்றான் ஒருவன்.

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்டி. நமக்கு எதுக்கு?" என்றாள் இன்னொருத்தி.

தவிடன் என்று ஒருவன் இருந்தான், சோம்பேறிகளுக்கெல்லாம் தலைவன். அவன் மல்லாந்து படுத்தபடியே சொன்னான்: "யார் வந்தா என்ன? நம்ம பொழைப்பு நாமதான் பார்த்துக்கணும்!"

மறுநாள் சுள்ளி ஒரு நாணல் தண்டில் தனியாக உட்கார்ந்திருந்தாள். அழுகை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் இப்போது கணுக்காலுக்கு வந்துவிட்டது. நாற்பது பேரிடம் பேசியாயிற்று, ஒருவரும் அசையவில்லை. இனி என்ன செய்வது?

அந்த நேரத்தில் குட்டையின் பின்மூலையில் ஒரே கூச்சல். வேறென்ன, சிறுசுகளின் தினப்படி விளையாட்டுதான். ஒரு தாமரை இலையைப் பிடித்துக்கொண்டு எல்லோரும் அதன் மேல் தொபுக் தொபுக்கென்று ஏறுவார்கள். இலை 'பொளக்' என்று மூழ்கும். எல்லோரும் தண்ணீரில் விழுந்து கத்துவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு. தினமும் அதையே விளையாடுவார்கள், தினமும் அதே சந்தோஷம்!

அன்று என்னவோ இலை மூழ்கவில்லை. நாற்பது பேரும் ஏறிவிட்டார்கள். விளிம்பு வரை தண்ணீர் வந்துவிட்டது. அதற்குமேல் இறங்க மாட்டேன் என்று இலை அடம்பிடித்தது.

"ஏய் சுள்ளி! அங்க என்னடி மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்க? வந்து ஏறு!" என்று கத்தினான் தவிடன். "நீ ஒருத்தி இல்லாம மூழ்க மாட்டேங்குது!"

சுள்ளி துள்ளி எழுந்தாள்.

"என்ன சொன்ன? இன்னொரு தடவை சொல்லு!"

"நீ ஒருத்தி இல்லாம மூழ்க மாட்டேங்குதுன்னேன்! காது கேட்கலையா?"

"கேட்டுச்சு! நல்லாக் கேட்டுச்சு!" சுள்ளி இலையருகே நீந்தி வந்தாள். "நான் ஏறினா இலை அசையாதுன்னு நேத்து எல்லாருமே சொன்னீங்களே! அப்ப இந்த இலை எப்படிடா தினமும் மூழ்குது?"

சுள்ளி இலையின் விளிம்பைத் தட்டிக் காட்டினாள்.

"இதுவும் தாமரை இலை. நாளைக்கு நடுக்குட்டையில இருக்கப்போறதும் இதே அளவு இலைதான். இங்க நாம ஏறினா மூழ்கும், அங்க ஏறினா மூழ்காதா?"

சிறுசுகள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அட, ஆமாம்! தினமும் விளையாடுகிற விளையாட்டு. இத்தனை நாளில் ஒருவருக்குமே இது தோன்றவில்லையே! பிறகு என்ன? "நாளைக்கு வர்றோம்! நாளைக்கு வர்றோம்!" என்று நாற்பது தொண்டைகளும் கத்தின. சுள்ளி சந்தோஷத்தில் ஒரு தாவு தாவி இலையில் விழுந்தாள். பொளக்!

அந்தச் சத்தம் மத்தளத்தார் காதுக்கும் போயிற்று. அன்று சாயங்காலம் அவர் ஆள் ஒருவர் சிறுசுகளிடம் வந்தார். கையில் தட்டான் பூச்சிகள். "நாளைக்கு வீட்டோட இருக்கிறவங்களுக்கு ஆளுக்கு ரெண்டு தட்டான்! தலைவர் அன்பளிப்பு!" என்றார். முப்பத்தொன்பது பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சுள்ளி அங்கே இல்லை, பள்ளத்தில் இருந்தாள். தவிடன் மட்டும் தட்டானைப் பார்த்தான். அவன் வாயில் எச்சில் ஊறியது. ஆளே இல்லாத இடமாகப் பார்த்து வாங்கிக்கொண்டான்.

விடிந்தது. தேர்தல் தொடங்கியது.

இரண்டு இலைகள். ஒன்றில் மத்தளத்தார், ஒன்றில் சுள்ளி. கொக்கு ஒன்று தொலைவில் நின்று வேடிக்கை பார்த்தது. அதற்கு நடுவர் வேலை கொடுக்கலாமா என்று யாரோ கேட்டதற்கு, வேண்டவே வேண்டாம் என்று எல்லோரும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள்.

பெருசுகளிடம் ஒரு பழக்கம் உண்டு. இலையில் ஏறும் முன் ஒவ்வொருவரும் தலைவரை வாழ்த்திப் பேச வேண்டும். குட்டை வெட்டிய காலம் தொடங்கி அவர் தொண்டையின் பெருமை வரை சொல்லி முடித்த பிறகுதான் குதிக்க வேண்டும். எதிர் இலையில் நத்தை இருந்த வரைக்கும் அதில் ஒரு சிக்கலும் இல்லை. சிறுசுகளுக்கு ஏது வாழ்த்து? தொபுக், தொபுக், தொபுக்! விளையாட்டில் ஏறுவதுபோலவே ஏறினார்கள்.

சுள்ளி எண்ணிக்கொண்டே இருந்தாள். இருபது. முப்பது. முப்பத்தொன்பது. அவளோடு சேர்த்து நாற்பது! விளிம்பில் தண்ணீர் தளும்பியது. அதோடு நின்றுவிட்டது.

"யார் வரலை? யார் வரலை?"

"தவிடன்!"

எதிர் இலையில் ஆறு பெருசுகள் ஏறியாயிற்று. அங்கேயும் தண்ணீர் விளிம்புக்கு வந்துவிட்டது. அடுத்தது அம்மி அத்தை. அவள் ஒருத்தி ஏறினால் போதும், கதை முடிந்தது.

மத்தளத்தார் முதல்முறையாகப் பதறினார். "அம்மி! வாழ்த்தெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம். குதி!"

அம்மி அத்தைக்குச் சுருக்கென்றது. "அதெப்படி? இவங்க ஆறு பேரும் ஆளுக்கு அரை நாழி பேசினாங்க. என் முறை வந்ததும் குதியா? ராத்திரியெல்லாம் யோசிச்சு வச்சிருக்கேன். பேசிட்டுத்தான் குதிப்பேன்!" என்று தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"தவிடா!" என்று நாற்பது பேரும் சேர்ந்து கத்தினார்கள். "டேய் தவிடா!"

சுள்ளி திரும்பிப் பார்த்தாள். கரையோரப் பள்ளம் அங்கிருந்தே தெரிந்தது. தண்ணீர் பளபளவென்று, ஒரு தகடு போல, அத்தனை மெல்லிசாக இருந்தது. ஒருத்தன்! ஒரே ஒருத்தன் வந்தால் போதும்!

அப்போது பள்ளத்துப் பக்கமிருந்து தவிடன் வருவது தெரிந்தது. வயிறு உப்பியிருந்தது. நீந்த முடியாமல் நீந்தினான். முகம் அழுகிற மாதிரி இருந்தது.

"சுள்ளி! நான் தட்டான் தின்னுட்டேன்!"

"அதை அப்புறம் சொல்லுடா! ஏறு!"

"என் தம்பி கேட்டான் சுள்ளி, 'அண்ணே, தண்ணி ஏன் சுடுது'ன்னு. அதான் நேரா இங்க வந்துட்டேன்!"

"ஏறுடா!"

தவிடன் குதித்தான். பொளக்! இலை ஒரே அமுக்கில் உள்ளே போயிற்று. வழக்கமாகக் கொஞ்சம் தயங்கித்தான் மூழ்கும். இன்று தயங்கவே இல்லை. தவிடன் வயிற்றில் இருந்த மத்தளத்தாரின் இரண்டு தட்டான்களும் சேர்ந்தல்லவா அழுத்தின!

"...ஆகவே, நமது அருமைத் தலைவர்..." என்று அம்மி அத்தை அப்போதும் பேசிக்கொண்டிருந்தாள்.

தண்ணீருக்குள்ளிருந்து நாற்பத்தொரு தலைகள் முளைத்தன. சிரிப்பும் கத்தலும் அடங்கவே இல்லை. ஆனால் சுள்ளி நிற்கவில்லை. "வாங்க, வாங்க! ஓட்டைக்கு வாங்க!" என்று மதகுக்கு நீந்தினாள்.

சிறுசுகள் வாய் நிறையக் களிமண் கொண்டுவந்து ஓட்டையில் அப்பினார்கள். தண்ணீர் அதை அடித்துக்கொண்டு போயிற்று. மறுபடியும் அப்பினார்கள். மறுபடியும் போயிற்று. மண் இறுகும் வரை அமுக்கிப் பிடிக்கக் கனம் வேண்டும். நாற்பத்தொரு பேரும் ஏறி உட்கார அந்த ஓட்டையில் இடம் ஏது?

சுள்ளி ஒரு நிமிஷம் யோசித்தாள். பிறகு நேராகப் பெருசுகள் இருந்த பாறைக்குப் போனாள்.

"அத்தை, உங்க கனம் எங்ககிட்ட இல்லை. நீங்க வந்து உட்கார்ந்தாத்தான் மண்ணு நிக்கும். வாங்க அத்தை!"

அம்மி அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அன்னிக்கே வாயைத் திறந்திருக்கணும்டி நான்," என்றாள். போய்க் களிமண்ணின் மேல் உட்கார்ந்தாள். சளசளச் சத்தம் பாதி குறைந்தது. பின்னாலேயே மற்ற பெருசுகளும் வந்தார்கள்.

மத்தளத்தார் மட்டும் பாறையில் முறைப்பாக இருந்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். அவரால் தாங்க முடியவில்லை.

"கோணலா உட்கார்ந்தா தண்ணி நிக்குமா? இடது பக்கம் கசியுது பாரு! தள்ளுங்க, தள்ளுங்க!" என்று இறங்கி வந்து, தன் பெரிய உடம்பை இடது பக்கத்தில் அழுத்தி உட்கார்ந்தார். சத்தம் அடியோடு நின்றது. கரையில் எல்லோரும் ஒரு கத்து கத்தினார்கள். அவருக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது.

மண் இறுக இரண்டு நாள் ஆயிற்று. அந்த இரண்டு நாளும் பெருசுகள் முறை வைத்து உட்கார்ந்தார்கள், சிறுசுகள் அவர்களுக்குக் கொசு பிடித்துக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் எதிர்பாராத ஒரு மழை. பள்ளத்தில் தண்ணீர் மறுபடி சுள்ளியின் கழுத்துக்கு வந்தது.

தவிடனின் தம்பி வாலை ஆட்டிக்கொண்டு அவளிடம் வந்தான்.

"அக்கா, அடுத்த வருஷம் நானும் ஏறலாமா?"

"வால் விழட்டும். அப்புறம் ஏறு."

"எந்த இலையில ஏறணும்? உன் இலையிலயா?"

சுள்ளி சிரித்தாள். "எந்த இலைன்னு அப்ப நீயே பார்த்து முடிவு பண்ணு. நான் சரியா நடந்துக்கலேன்னா எதிர் இலையில ஏறு. ஆனா வீட்டுல மட்டும் உட்கார்ந்துடாதே!"

'நான் ஒருத்தன் போய் என்ன ஆகப்போகிறது' என்று எல்லோரும் ஒதுங்கி நின்றால் நம் நாளைய தினத்தை யாரோ சிலர் தீர்மானித்துவிடுவார்கள். அந்த ஒருத்தனும் வந்து நின்றால்தான் எதுவும் மாறும்.