மடங்காத முழங்கால்

கதை கேட்க உட்கார்ந்தவர்களே, முன்பு ஆற்றோரம் ஒரு நாடு இருந்தது. அந்த நாட்டு அரசனுக்கு அம்பு என்றால் பயம். அங்கே கவசம் செய்யும் கொல்லன் ஒருவன், பெயர் ஆதன்.

அரசன் அவனை அழைத்தான். "அம்பு நுழைய இடமே இல்லாத கவசம் வேண்டும். முதலில் உன் தம்பி வெளியன் அணிந்து போருக்குப் போகட்டும். அவன் பிழைத்து வந்தால் நான் அணிகிறேன்."

ஆதன் வண்டைப் பார்த்தான், நண்டைப் பார்த்தான், தேளைப் பார்த்தான். மூன்றுக்கும் உடம்புக்குள் எலும்பே இல்லை. மேலே இருந்த ஓடுதான் எலும்பு. சதை அதற்குள் ஒளிந்திருந்தது. கால்களோ சின்னச் சின்னக் குழாய்கள். குழாயும் குழாயும் சேரும் இடத்தில் மட்டும் மெல்லிய தோல். அது இருந்ததால்தான் கால் மடங்கியது.

அதே போல இரும்புக் குழாய்கள் செய்து, முட்டியில் தோல் வைத்துத் தைத்தான்.

அரசன் தோலில் ஊசியால் குத்தினான். "இங்கே அம்பு நுழையுமே!"

"நுழையும், அரசே. ஆனால் தோல் இல்லாவிட்டால் கால் மடங்காது."

"குறைத்துக்கொண்டு வா."

ஆதன் விரலகலமாகக் குறைத்தான். அரசன் மறுபடி குத்தினான்.

"இதற்குமேல் குறைத்தால் விழுந்தவன் எழ முடியாது, அரசே."

அரசன் முகம் சிவந்தது. "பூச்சியிடம் பாடம் படித்துவிட்டு எனக்குச் சொல்ல வந்தாயோ?" சபை கொல்லென்று சிரித்தது.

ஆதன் தோலை எடுத்துவிட்டு இரும்பை வைத்து ஆணி அடித்தான். மூன்றாம் முறை ஊசி முறிந்தது.

"இப்போது ஏதாவது குறை உண்டா?"

"இல்லை, அரசே" என்றான் ஆதன்.

போருக்குப் புறப்பட்ட அன்று வெளியனை இருவர் தூக்கிக் குதிரைமேல் ஏற்றினார்கள். "அண்ணே, என்னைத் தூணாக்கிவிட்டாயே! அண்ணி பார்த்தால் கொடி கட்டித் துணி உலர்த்துவாள்" என்று அவன் சிரித்தான். "சரி, நீ செய்தது தப்பாகவா இருக்கும்?"

ஆதனுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. அரசன் பார்த்துக்கொண்டிருந்தான். ஆதன் கடிவாளத்தை எடுத்துத் தம்பி கையில் கொடுத்தான்.

ஆற்றைக் கடக்கும்போது குதிரை இடறியது. வெளியன் குப்புற விழுந்தான். தண்ணீர் முழங்கால் அளவுதான். முன்னே போனவர்கள் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அரசன் உடலைச் சுற்றிச் சுற்றி வந்தான். "ஒரு கீறல்கூட இல்லையே! எப்படிச் செத்தான்?"

"கால் மடங்கவில்லை, அரசே."

"அதை அன்றே சொல்வதற்கென்ன?"

"இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை, குறை இல்லை என்றேன்."

அதன் பிறகு ஆதன் நெடுங்காலம் வாழ்ந்தான். அரசனை அவன் ஒருநாளும் குறை சொன்னதில்லை.

ஆகவே, ஓர் உயிரைக் காக்கும் உண்மையை, கேட்பவர் சிரித்தாலும் சினந்தாலும், கடைசி முறையும் சொல்லிவிட வேண்டும்.