நாரையின் சுத்தமான மீன்கடை

ஓடை குறுக்கே ஓடும் ஒரு காட்டில், நாரை ஒன்று மீன்கடை வைத்திருந்தது. அவ்வளவு சுத்தமான கடை வேறெங்கும் இல்லை என்று எல்லா மிருகங்களும் சொல்லின. அதைக் கேட்கக் கேட்க நாரையின் கழுத்து இன்னும் ஒரு முழம் நீண்டது போலிருக்கும், பிள்ளைகளே!

"என் கடையில் ஒரு பச்சை இலையைக்கூடக் கிள்ளுவதில்லை. தானாக உதிர்ந்த இலையில்தான் மீனைக் கட்டித் தருகிறேன். செதிலை ஓடையில் கொட்டாமல் குழி தோண்டிப் புதைக்கிறேன்" என்று வருவோர் போவோரிடமெல்லாம் பெருமையடித்துக்கொள்ளும்.

மீனைக் கொண்டுவருவது நரி. நரிக்குக் கொடுப்பது, ஓடையின் மேல்மடுவில் இருக்கும் மரநாய். மரநாய் எப்படிப் பிடிக்கிறது என்று நாரை கேட்டதே இல்லை.

ஒருநாள் ஆமை கடைக்கு வந்து மீனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது.

"நாரையாரே, இதில் பல் பட்ட தடமும் இல்லை, நகம் பட்ட தடமும் இல்லையே. எப்படிப் பிடித்தது?"

நாரைக்குச் சுருக்கென்றது. தடமே இல்லாத மீன் நேர்வழியில் பிடித்ததல்ல என்று காலமெல்லாம் மீன் பிடித்த பறவைக்குத் தெரியாமலா இருக்கும்? ஆனாலும், "என் கடையில் ஏதாவது குறை உண்டா? அதை மட்டும் சொல்லும்!" என்று சீறியது. ஆமை மீனை வைத்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் நாரை நரியை ஓரமாக அழைத்தது. "இந்த மீனை எப்படி..."

"கேட்டால் சொல்லிவிடுவேன்" என்றது நரி. "சொன்னபிறகு உம்மால் வாங்க முடியாது. அப்புறம் வாசலில் நிற்கும் கூட்டத்துக்கு யார் பதில் சொல்வது?"

நாரை எட்டிப் பார்த்தது. கரடியும் கீரியும் காட்டுப்பூனையும் முண்டியடித்துக்கொண்டு நின்றன. கேள்வியை விட்டுவிட்டு மீனை வாங்கி உள்ளே வைத்தது.

நாரைக்கு இரண்டு குஞ்சுகள். அவைதான் அதற்கு உயிர். அன்றுதான் அவை முதல்முறையாக ஓடைக்கு இறங்கின. கரையோரம் தலைப்பிரட்டைகள் வயிறு தெரிய மிதந்தன. துரத்திப் பிடிக்க வேண்டாத இரை! குஞ்சுகள் ஆசை ஆசையாய் விழுங்கின.

கடையைப் பெருக்கிவிட்டு நாரை வந்தபோது, இரண்டும் கழுத்து மடங்கி மணலில் கிடந்தன. உடம்பில் சூடு மட்டும் இருந்தது, உயிர் இல்லை.

நாரை அலறிக்கொண்டு மேல்மடுவுக்குப் பறந்தது. அங்கே மரநாய் நஞ்சுக்காயைப் பாறையில் நசுக்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தது. மீன்கள் மயங்கி மேலே வந்தன.

"அடப் பாவி! இந்தத் தண்ணீர்தானே கீழே வருகிறது! என் பிள்ளைகளைக் கொன்றுவிட்டாயே!"

மரநாய் திகைத்து நின்றது. "மீன் நிறைய வேண்டும், சீக்கிரம் வேண்டும் என்று உம் கடைக்காகத்தானே நரி கேட்டது? குடலைக் கழித்துத்தான் கொடுத்தேன். தின்றவர் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லையே."

"இப்படித்தான் பிடிக்கிறாய் என்று என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"நீர் கேட்கவே இல்லையே."

நாரை திரும்பி வந்து குஞ்சுகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனது. செதில் புதைக்கும் குழிக்குப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்டியது. உதிர்ந்த இலைகளால் இரண்டையும் சுற்றிக் கட்டி உள்ளே வைத்தது. அப்போதும் அது ஒரு பச்சை இலையைக்கூடக் கிள்ளவில்லை.

நீதி: சரக்கு வரும் வழியைக் கேட்காமல் விற்பவன், அந்த வழியில் நடக்கும் கொடுமைக்கும் பங்காளி.