ஞாயிற்றைத் திங்களாக்கிய இரண்டு வரிகள்

ஈரோட்டில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் நடந்த கூத்து இது, கேளுங்கள். ஒரு தனியார் மருத்துவமனைக்கு முன்பதிவு இணையதளம் செய்துகொண்டிருந்தார்கள். எல்லாப் பக்கங்களுக்கும் உதவும் நிரல்களைப் போட்டுவைக்க ‘பொது’ என்றொரு கோப்புறை இருந்தது. யாரும் போடலாம், யாரும் எடுக்கலாம், பெயர் எழுத வேண்டியதில்லை என்பது அங்கே வழக்கம்.

புதிதாகச் சேர்ந்த உமையாளுக்கு வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. மருத்துவமனையின் வேலை நேரங்களை முகப்புப் பக்கத்தில் எழுதியவள் அவள்தான். பொதுவைத் திறந்த அன்றே அவளுக்குக் குமட்டியது. அலுவலகக் குளிர்பெட்டியில் யாரோ மறந்துபோன மாவு பூஞ்சை பிடித்துக் கிடக்குமே, அப்படி. ஒரே வேலைக்கு நான்கு நிரல். எதற்கென்றே தெரியாமல் ஏழு.

அதில் ஒன்று, ‘தேதியைச் சீராக்கு’. பெயர் யோக்கியமாகத்தான் இருந்தது. உள்ளே இரண்டு வரிகள், வருகிற தேதி ஞாயிறாக இருந்தால் சத்தமில்லாமல் திங்களாக மாற்றின. யார் பயன்படுத்துகிறார்கள் என்று தேடினாள். தோல் மருத்துவர் பக்கமும் டயாலிசிஸ் பக்கமும் வந்தன. ‘சீ, இதுவும் ஒரு பிழைப்பா’ என்று முகம் சுளித்து மூடிவிட்டாள்.

டயாலிசிஸ் பிரிவுக்கு ஞாயிறும் வேலை நாள். சின்னமணி என்ற பெரியவருக்கு அடுத்து வந்த ஞாயிறு முறை. திங்களன்று வரச்சொல்லி அவர் கைபேசிக்குச் செய்தி போனது. மூச்சுத் திணறிய நிலையில் திங்கள் காலை தூக்கி வந்தார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டார்.

தவறு யாருடையது என்று மருத்துவமனை எழுதிக் கேட்டது. மேலாளர் சந்திரகலா விசாரித்தார். ஞாயிறு வராத தோல் மருத்துவருக்காக எழுதியதை இன்னொருவர் எடுப்பார் என்று கனவா கண்டேன் என்றான், அந்தப் பக்கத்தைச் செய்த சாதிக். டயாலிசிஸ் பக்கத்தைச் செய்த பெஞ்சமின் சொன்னது இன்னும் அசிங்கம்.

“பொதுன்னு போட்டிருந்துச்சுங்க. அதையெல்லாம் எவன் திறந்து பாக்கறான்?”

சந்திரகலா உமையாள் பக்கம் திரும்பினார். “நீ இதுல கை வைக்காதவ. அறிக்கைய நீயே எழுதிக் குடு. ஒரே ஒரு பேரு போதும். அந்த ஆளுக்கு நாளையிலிருந்து இங்க வேலை இல்ல.”

இப்போது நீங்கள் சொல்லுங்கள். உமையாள் யார் பெயரை எழுத வேண்டும்?

விடை: தன் பக்கத்து வழக்கத்தைப் பொதுப் பெயரில் ஒளித்து வைத்தவன் சாதிக். திறந்து பார்க்காமல் எடுத்தவன் பெஞ்சமின். இருவர் மேலும் தப்பு உண்டு. ஆனால் டயாலிசிஸ் பக்கம் அதை எடுத்தது சாதிக்குக்குத் தெரியாது. உள்ளே இருந்த ஞாயிறு பெஞ்சமினுக்குத் தெரியாது. இரண்டும் தெரிந்தவள் ஒருத்திதான்; டயாலிசிஸுக்கு ஞாயிறும் வேலை நாள் என்று முகப்பில் எழுதியவளும் அவளே. உமையாள் தன் பெயரை எழுதினாள். இத்தனை நாள் அடுத்தவர் மேல் வந்த குமட்டல் அப்போது தன் மேலேயே வந்தது. அந்த இரண்டு வரிகளையும் பொதுவிலிருந்து எடுத்து, தோல் மருத்துவர் பக்கத்தில் வைத்துவிட்டு எழுந்தாள். அதற்கு அவளுக்கு மூன்று நிமிடம் ஆனது.